உஷார்! ஸ்கூல் சீட்டுக்காகக் காரைக்காலில் வீடு வாங்கப் போகிறீர்களா?

"ஸ்கூல் கூப்பிடு தூரம், சீட் கேரண்டி" என்று புரோக்கர் சொன்னதும் அட்வான்ஸை நீட்டிவிடாதீர்கள். கொஞ்சம் பொறுங்கள்!

நாகை பக்கத்துக் குடும்பம் ஒன்று. தமிழ்நாட்டில் மத்திய அரசின் நவோதயா பள்ளியே கிடையாது, காரைக்காலில் இருக்கிறது. மகளை அதில் சேர்க்க நகையை விற்று, காரைக்கால் டவுனுக்குள் வீடு வாங்கினார்கள். கிராமத்துப் பள்ளியில் மூன்றாவது படித்துக்கொண்டிருந்த பிள்ளையை டவுன் பள்ளிக்கு மாற்றினார்கள். ஐந்தாவதில் விண்ணப்பம் நிரப்ப உட்கார்ந்தபோதுதான் தலையில் இடி. நவோதயாவில் குறைந்தது 75 சதவீத இடம் கிராமப்புறப் பிள்ளைகளுக்கு. அதற்கு 3, 4, 5 மூன்று வகுப்பும் கிராமத்துப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். இடையில் ஒரே ஒரு நாள் டவுன் பள்ளியில் படித்தாலும் நகர்ப்புறக் கணக்குதான்! பழைய ஊரில் இருந்த கிராமப்புறத் தகுதியைக் காசு கொடுத்துத் தொலைத்திருக்கிறார்கள், பாவம். அதற்கு மேல் நுழைவுத் தேர்வு வேறு. இடமோ அதிகபட்சம் 80.

சரி, வாஞ்சூரில் வீடு, பிள்ளை பழையபடி நாகூர் பள்ளியிலேயே படிக்கட்டும் என்கிறீர்களா? அதுவும் ஆகாது. ஐந்தாவதை அதே மாவட்டத்தில் படிக்க வேண்டும். வாஞ்சூர் காரைக்கால், நாகூர் தமிழ்நாடு.

பெரிய பிள்ளைகளை வைத்திருப்பவர்களே, எனக்கு உங்களை நினைத்துத்தான் அதிகம் பயம். மருத்துவம் போன்ற படிப்புகளில் தமிழ்நாடு தரும் 7.5 சதவீத ஒதுக்கீடு, ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அங்கே அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. ஒன்பதாவதில் காரைக்காலுக்கு மாற்றினால் அது போச்சு. காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்ததாயிற்றே, அதன் ஒதுக்கீட்டில் சென்டாக் என்ற சேர்க்கைக் குழு வழியாகக் கேட்கலாம் என்றால் குடியிருப்புச் சான்றிதழ் வேண்டும். அதற்கு ஐந்து வருடம் தொடர்ந்து குடியிருந்திருக்க வேண்டும். பிளஸ் டூ முடிக்கும்போது உங்களுக்கு நான்கு வருடம்கூட ஆகியிருக்காது!

"ஆதார்ல அட்ரஸ் மாத்தினா போதும் சார்" என்கிறாரா புரோக்கர்? உஷார். மனைக்குப் பள்ளியின் பெயரைச் சூட்டி விற்கிறாரா? இன்னும் உஷார். கொம்யூன் பஞ்சாயத்து என்றாலே கிராமம்தான் என்று சத்தியம் செய்கிறாரா? நம்பாதீர்கள். அந்த இடம் அரசுக் கணக்கில் நகரமா, கிராமமா என்று தாலுகா அலுவலகத்தில் நீங்களே போய்க் கேளுங்கள்.

இந்த வருட விண்ணப்பக் கையேட்டை முழுசாகப் படியுங்கள். பள்ளி அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். அதுவரை நகை பீரோவிலேயே இருக்கட்டும்.