பைற்று ஒன்றில் எண்மர்

கல்லூரி அன்னையின் விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென மலர்க்குழுவினர் பணித்தபோது, இலக்கியம் பற்றியே எழுத எண்ணியிருந்தோம். ஆயின், தெல்லிப்பழையில் எம்மிடம் தமிழ் கற்கும் மாணவன் ஒருவன் கொணர்ந்த ஐயம் எம் எண்ணத்தை மாற்றிவிட்டது. பயிற்றப்பட்ட தமிழாசிரியர்க்கும் பொறிக்கும் உறவு யாதென வினவுவார் உளராயின், இறுதிவரை படித்தருளுக.

அம்மாணவன் ஆர்டுயினோ ஊனோ என்னும் சிறு பலகையைக் கொண்டு, வகுப்பின் வரவு இடாப்பைப் பேணும் கருவி ஒன்றைச் செய்ய முற்பட்டான். மாணவர் 40 பேர். ஆண்டுக்குத் தவணை 3. தவணைக்கு 65 நாள் எனக் கொண்டான். ஆகக் குறிகள் 7,800. அப்பலகையிலுள்ள நுண்கட்டுப்படுத்தியின் நினைவகமோ மிகச் சிறியது. வேலை நடக்கும்போது பயன்படும் அழிதகு நினைவகம் 2,048 பைற்று. மின்சாரம் நின்றாலும் அழியாத நினைவகம் 1,024 பைற்று. குறிக்கொரு பைற்றாக அவன் ஒதுக்கிய 7,800 பைற்றும் அதனுள் எங்ஙனம் அடங்கும்? கொத்துக்குள் மூடையைக் கொட்ட முயன்ற கதையாயிற்று.

வந்தான், வரவில்லை என்பன இரண்டே நிலைகள். இரண்டு நிலைகளைக் குறிக்கப் பிற்று ஒன்றே போதும். பிற்று யாதென்பது யாப்புக் கற்றார்க்குப் புதிதன்று. நேர், நிரை என அசை இரண்டே. அவ்விரண்டைக் கொண்டே ஈரசைச்சீர் 4, மூவசைச்சீர் 8, நாலசைச்சீர் 16 என நம் முன்னோர் வகுத்தனர். அசை ஒன்று கூடுந்தோறும் தொகை இரட்டிக்கின்றது. பிற்று எட்டுக் கூடியது பைற்று. அதில் அமையக்கூடிய வடிவங்கள் 256. ஆகவே பைற்று ஒன்றில் எண்மரின் வரவைக் குறிக்கலாம். 7,800 பிற்று என்பது 975 பைற்றே. அழியாத நினைவகத்திலும் அஃது அடங்கும்.

ஆயின் தடை ஒன்று உண்டு. பெல் ஆய்வுகூடத்தில் டெனிஸ் ரிச்சி ஆக்கிய சி மொழியில், பிற்றுகளாலான அணியை நேரே அறிவிக்க இயலாது. அம்மொழி முகவரியிட்டு அழைக்கும் மிகச் சிறிய அலகு பைற்றே. 1999ஆம் ஆண்டுத் தரத்தில் வந்த உண்மை-பொய் வகையும் ஒரு பைற்றுக்குக் குறையாத இடத்தைக் கொள்ளும். கட்டமைப்பினுள் பிற்றுப் புலங்களை வைக்கலாமேனும், அவற்றை அணியாக்குதல் ஆகாது. எனவே பைற்றுகளின் அணியை அறிவித்து, அதனுள் பிற்றுகளை நாமே பொதிதல் வேண்டும்.

இதனை அறிந்த மாணவன் அடுத்த நாள் இவ்வாறு எழுதி வந்தான்:

அன்சைன்ட் சார் வரவு[40][3][9];

மாணவன், தவணை, நாள் என்பது அவன் வைத்த முறை. 65 நாளுக்கு 65 பிற்று வேண்டும். 65ஐ 8ஆல் வகுக்க மீதி 1 எஞ்சுதலின், ஒவ்வொரு தவணைக்கும் 9 பைற்று ஒதுக்கினான். ஒன்பதாம் பைற்றில் ஒரு பிற்றே பயன்படும், ஏழு வீணாகும். 40 × 3 × 9 = 1,080. 1,024இல் அதுவும் அடங்கவில்லை. பையன் முகம் வாடிற்று.

இவ்விடத்தில் யாம் அவனுக்குக் கூறியது ஒன்றே: “தம்பி, சீரை மாற்றாதே, வரிசையை மாற்று.” 65 எட்டால் மீதியின்றி வகுபடாது, 40 வகுபடும். ஆகவே மாணவனைக் கடைசிப் பரிமாணமாக்குக:

அன்சைன்ட் சார் வரவு[3][65][5];

தவணை 3, நாள் 65, நாளொன்றுக்கு 5 பைற்று. 3 × 65 × 5 = 975. ஒரு பிற்றும் வீணில்லை. சி மொழியில் கடைசிச் சுட்டே விரைந்து மாறுவதாகலின், ஒரு நாளின் ஐந்து பைற்றும் அடுத்தடுத்தே அமையும். மாலையில் அவ்வைந்தை மட்டும் அழியாத நினைவகத்தில் எழுதினாற் போதும். முன்னைய முறையிலோ நாள்தோறும் நாற்பது வெவ்வேறு இடங்களைத் தொட நேரும்.

இனிக் குறியிடும் முறை. எண்ணல் 0இல் தொடங்கும். தவணை த, நாள் ந, மாணவன் ம எனின், ம / 8 பைற்றையும், ம % 8 அதனுள் உள்ள பிற்றையும் காட்டும்.

வந்தான் எனக் குறிக்க: வரவு[த][ந][ம / 8] |= 1 << (ம % 8);

குறியை நீக்க: வரவு[த][ந][ம / 8] &= ~(1 << (ம % 8));

வந்தானா என அறிய: வரவு[த][ந][ம / 8] & (1 << (ம % 8))

இருபதாம் மாணவனின் சுட்டு 19. 19ஐ 8ஆல் வகுக்க ஈவு 2, மீதி 3. ஆகவே மூன்றாம் பைற்றில் நான்காம் பிற்று அவனுடையது. நேரே சமன் குறியிட்டு எழுதினால், அப்பைற்றிலுள்ள ஏனைய எழுவரின் வரவும் அழிந்துவிடும். ஆதலினாலேயே ‘அல்லது’, ‘மற்றும்’ என்னும் பிற்றுச் செயலிகள் வேண்டப்படுகின்றன.

இன்னும் ஓர் எச்சரிக்கை. பாடசாலை நடைபெறாத நாளிலும் பிற்றுகள் 0 ஆகவே இருக்கும். அதனை ஆராயாது கூட்டினால், விடுமுறை நாளில் நாற்பது பிள்ளைகளும் வராதவராவர். குற்றமற்ற பிள்ளை வரவு குறைந்தவனாகக் கணிக்கப்படுவான். எனவே பாடசாலை கூடிய நாளைக் குறிக்க, கூடியது[3][9] என மற்றோர் அணியையும் அறிவித்தல் நன்று. அதற்கு 27 பைற்று. முன்னைய 975உடன் சேர, 1,002. 1,024இல் அதுவும் அடங்கிற்று. இங்கு வீணாகும் பிற்றுகள் சிலவே; அவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம்.

இத்தனை பாடு இடாப்புக்காகவா எனச் சிலர் நகைக்கலாம். 1990ஆம் ஆண்டு வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தபோது விட்டுச்சென்ற ஏடுகளைப் பின்னர்த் தேடி அலைந்தோர் நகையார். பிள்ளை ஒருவன் இன்ன நாளில் இன்ன வகுப்பில் இருந்தான் என்பதற்குச் சான்று ஒரு சிறு குறியே. அக்குறி ஏட்டில் இருப்பினும் பொறியில் இருப்பினும், தனக்குரிய இடத்தில் வழுவாது இருத்தல் வேண்டும்.

எமக்குப் பொறியறிவு சிறிதே. எனினும், குறைந்த இடத்தில் நிறைந்த பொருளை அடக்குதல் தமிழ்ப் புலவர்க்குப் பழகிய கலை. அக்கலையை நம் மாணவர் புதுமொழியிலும் பயில்வாராக. கல்லூரி அன்னை நீடு வாழ்க!