அப்பாவின் நோய் பிள்ளைக்கு விதியா?

"எங்கப்பா பிரசரிலதான் விழுந்தாரு சாமி. எனக்கும் வரத்தானே செய்யும்? வாறது வரட்டும்."

தலவாக்கலைப் பக்கத்துக் குடியேற்றம் ஒன்றில் ஒரு குடும்பத் தலைவர் நம்மிடம் இவ்வாறு கூறினார். அவரது தகப்பனார் பாரிசவாதத்தால் கைகால் விளங்காமல் ஈராண்டு படுக்கையில் கிடந்து இறந்தவர். மகனுக்கு இப்போது வயது 46. ஒரு தடவையேனும் குருதி அமுக்கம் பார்த்ததில்லை.

அவர் சொன்னதில் பாதி உண்மை. பெற்றோரில் ஒருவருக்கு உயர் குருதி அமுக்கம் இருந்தால் பிள்ளைக்கு அது வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்காகின்றது. இருவருக்கும் இருந்தால் இன்னும் கூடும். ஆனால் வாய்ப்பு வேறு, விதி வேறு. தகப்பன் பிள்ளைக்கு விட்டுச் செல்வது இரத்தத்தை மட்டுமல்ல, அடுப்படியையுந்தான். உப்புத் தூக்கலான சம்பல், கருவாடு, கோதுமை மா ரொட்டி, சீனி கூடிய தேநீர் ஆகியவையும் பரம்பரையாகவே வருகின்றன.

இரண்டாவது காரணம் உடற்பருமன். உடல் பெருக்கும்போது இருதயம் கூடுதலான இரத்தத்தை இறைக்க வேண்டியிருக்கின்றது. சிறுநீரகமும் உப்பை வெளியேற்றாமல் பிடித்து வைக்கின்றது. குழாய்களில் அமுக்கம் ஏறுகின்றது.

"பிரசர் பணக்காரர் நோய்" என்பது நம்மிடையே உள்ள தவறான எண்ணம். கென்யாவில் லூவோ இனத்து விவசாயிகள் கிராமத்தை விட்டு நைரோபி நகருக்குப் பிழைக்கச் சென்றபோது ஆய்வாளர்கள் அவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். 1990இல் வெளியான அந்த ஆய்வின்படி, சென்ற சில மாதங்களுக்குள்ளேயே அவர்களின் குருதி அமுக்கம் கிராமத்தில் இருந்தவர்களைவிடக் கூடிவிட்டது. உப்பு கூடியது, மரக்கறி பழங்களிலிருந்து கிடைக்கும் பொட்டாசியம் குறைந்தது, எடையும் ஏறியது.

நமது நிலையும் இதுவே அல்லவா? மலையேறி இறங்கிய கால்கள் ஓய்ந்துவிட்டன. கொத்திப் பயிரிட்ட நிலம் போய்விட்டது. கீரையும் போஞ்சியும் காசு கொடுத்து வாங்கும் பொருளாகிவிட்டன. நிவாரணமாகக் கிடைப்பதோ மாவும் சீனியும். போதாததற்கு, எடை குறைந்து பிறந்த பிள்ளைகள் பிற்காலத்தில் பருத்தால் ஆபத்து இன்னும் அதிகம். தோட்டங்களில் அத்தகைய பிறப்புகள் நெடுங்காலமாகவே அதிகம்.

நாம் செய்யக்கூடியவை சில உண்டு.

முதலில், பெற்றோர், உடன்பிறந்தோரில் யாருக்குப் பிரசர், பாரிசவாதம், மாரடைப்பு வந்தது என்று வீட்டிலே கேட்டறிவோம். அப்படி ஒருவர் இருந்தால், தலைசுற்று வரட்டும் என்று காத்திராமல் அளந்து பார்ப்போம். பெரும்பாலும் இந்நோய் எந்த அறிகுறியும் காட்டாது. வெவ்வேறு நாட்களில் பார்த்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது உயர் குருதி அமுக்கம்.

இடுப்பையும் அளப்போம். ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்றிமீற்றரைத் தாண்டக்கூடாது. ஒரு கிலோ எடை குறைந்தால் அமுக்கமும் சுமார் ஓர் அலகு குறையும். ஐந்து கிலோ குறைப்பது சிறு காரியமல்ல, பலனும் சிறிதல்ல.

ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து கிராம் உப்புக்கு மேல் வேண்டாம். அது ஒரு தேக்கரண்டி அளவு. கருவாட்டு உப்பும் இதற்குள் அடக்கம். சாராயமும் புகையிலையும் வேண்டாம்.

குளிசை தொடங்கியவர்கள் "சுகமாயிருக்கிறது" என்று தாமாக நிறுத்தக்கூடாது. அரசாங்க வைத்தியசாலைக் கிளினிக்குகளில் மருந்து இலவசம். இடம் மாறும்போது அடையாள அட்டையோடு கிளினிக் கொப்பியையும் எடுத்துச் செல்லுங்கள்.

அந்தக் குடும்பத் தலைவரை ஒருவாறு வற்புறுத்தி அழைத்துச் சென்றோம். முதல் நாள் 164/100. மறுவாரமும் குறையவில்லை. இப்போது குளிசை எடுக்கிறார், மாலையில் நடக்கிறார். அவருடைய வீட்டில் சம்பலுக்கு உப்பு பாதியாகிவிட்டது. அதே சம்பலைத்தான் அவரது மூன்று பிள்ளைகளும் உண்கிறார்கள்.