இழுத்தால் தேநீர் சுவைக்குமா?

மாமாக் கடையில் தே தாரிக் கலக்குபவரைக் கவனித்திருப்பீர்கள். ஒரு கை தலைக்கு மேலே, மறு கை இடுப்புக்குக் கீழே. நடுவில் தேநீர் கயிறுபோல் இறங்குகிறது. இது வெறும் வித்தையா, அல்லது சுவை உண்மையிலேயே கூடுகிறதா?

சூடு குறைகிறது என்பதில் சந்தேகமில்லை. குவளையில் இருக்கும்போது மேற்பரப்பு மட்டுமே காற்றைத் தொடும். இழுக்கும்போது பரப்பளவு பெருகி, ஆவியாதல் வேகமெடுக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1 கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,300 ஜூல் வெப்பம் வேண்டும். அது தேநீரிலிருந்தே போகிறது. 250 கிராம் தேநீர் இதனால் மட்டும் சுமார் 2 டிகிரி செல்சியஸ் குளிர்ந்துவிடும். 1 கிராம் என்பது ஏறக்குறைய 20 சொட்டுதான்!

அடுத்தது கலவை. டின் பால் தண்ணீரைவிட அடர்த்தி மிக்கது, அடியில் தங்கிவிடும். விழும் வேகம் அதைக் கிளறிவிடுகிறது, காற்றையும் உள்ளே இழுத்துச் செல்கிறது. பாலிலுள்ள புரதம் காற்றுக்குமிழ்களைச் சுற்றிப் படிந்து அவை உடையாமல் காக்கிறது. அதுதான் நுரை.

“ஆக்சிஜன் கலப்பதால்தான் சுவை” என்பாரும் உண்டு. இதை நான் அவ்வளவாக நம்புவதில்லை. சூடான நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். சில விநாடிகளில் பெரிய வேதிமாற்றம் நடக்கவும் வாய்ப்பில்லை. பெரியவர்கள் சிவப்புத் திராட்சை மதுவில் காற்றுக் கலக்கச் சிறு கருவி ஒன்றைப் பயன்படுத்துவார்கள். அங்கும் இதே வாதம்தான்! மணம் எழும்புவது உடனே நடக்கும். துவர்ப்பு மாற நெடுநேரம் ஆகும்.

வாதம் எதற்கு, சோதித்துவிடலாமே? ஒரே பாத்திரத்துத் தேநீரில் பாதியை இழுக்கவும், மீதியைக் கரண்டியால் கலக்கவும். கொதிக்கும் தேநீர் கையைச் சுட்டுவிடும். இழுக்கும் வேலை பெரியவருடையது. இரண்டும் 50 டிகிரிக்கு வந்ததும் நுரையை வழித்துவிடுங்கள். நுரை இருந்தால் நாக்கே காட்டிக்கொடுத்துவிடும். ஒவ்வொருவருக்கும் மூன்று குவளை, அவற்றில் இரண்டு ஒரே வகை. கண்ணைக் கட்டிக்கொண்டு வேறான குவளையைக் கண்டுபிடிக்க வேண்டும்.

குருட்டு ஊகத்திலேயே மூவரில் ஒருவர் சரியாகச் சொல்லிவிடுவார். ஆறு பேரும் சரியாகச் சொன்னால்? ஊகத்தால் அப்படி நடக்கும் வாய்ப்பு 729இல் 1.