படிப்பு ஏறாததற்குத் தலையெழுத்தா காரணம்?

"நம்ம புள்ளைக்கு மண்டையில ஒண்ணும் ஏறாதுங்க. நாமளும் படிக்கல, அதுவும் படிக்கல." லயங்களில் இப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறோம். இது சரியா? ஆராய்ச்சியாளர்கள் கணக்கெடுத்தே பார்த்திருக்கிறார்கள்.

1966ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஜேம்ஸ் கோல்மன் என்பவரின் குழு, சுமார் 6 இலட்சம் மாணவர்களின் விபரங்களைத் திரட்டியது. பாடசாலையின் வசதிகளை விட வீட்டுச் சூழலே பெறுபேற்றை அதிகம் தீர்மானிக்கிறது என்று அந்த அறிக்கை கூறியது. அப்படியானால் ஏழைப் பிள்ளைக்கு வழியே இல்லையா?

இருக்கிறது. 1983இல் ஹேய்னமன், லொக்ஸ்லி என்ற இருவர் 29 நாடுகளை ஒப்பிட்டார்கள். வறிய நாடுகளில் குடும்பத்தை விடப் பாடசாலையும் ஆசிரியருமே அதிக வித்தியாசத்தை உண்டாக்குவதாகக் கண்டார்கள்.

இதை எப்படிச் சோதிப்பது? ஒரு மலைக்கு உரம் போட்டு, பக்கத்து மலைக்குப் போடாமல் கொழுந்தை நிறுத்துப் பார்த்தால்தானே உரத்தின் பலன் தெரியும்? அதே முறைதான். 2001 முதல் 2003 வரை இந்தியாவில் மும்பாய், வதோதரா நகரங்களில் பாடசாலைகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பகுதியில் 3ஆம் வகுப்புக்கும் மறுபகுதியில் 4ஆம் வகுப்புக்கும் உதவி கொடுத்தார்கள். அந்தந்தப் பகுதியிலேயே வளர்ந்து, பாடசாலைப் படிப்பை முடித்த இளம்பெண்கள், பின்தங்கிய 15 முதல் 20 பிள்ளைகளைத் தனியே அழைத்து, தினமும் 2 மணித்தியாலம் எழுத்தும் கணக்கும் அடியிலிருந்து சொல்லிக் கொடுத்தார்கள். உதவி பெற்ற வகுப்புகள் முன்னேறின. மிகவும் பின்தங்கியிருந்த பிள்ளைகளே அதிகம் முன்னேறினார்கள். ஆனால் உதவி நின்று ஓராண்டு கழிந்தபோது, பலனில் ஒரு பங்குதான் மிஞ்சியிருந்தது.

பெற்றோர்களே, இதில் நமக்குப் பாடம் உண்டு. காலையில் பிரட்டுக்குப் போகிற அவசரம் நமக்குத் தெரியும். ஆனாலும் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு ஒருவராவது போங்கள். "எங்க புள்ள வாசிக்குதா, எந்த இடத்துல தடுமாறுது?" என்று ஆசிரியரிடம் கேளுங்கள். உங்கள் தோட்டத்திலும் சாதாரண தரம் சித்தியடைந்த பிள்ளைகள் இருப்பார்கள். மாலையில் சின்னஞ்சிறுசுகளுக்கு எழுத்துக் கூட்டச் சொல்லிக் கொடுக்க அவர்களைக் கேளுங்கள். ஒரு மாதத்தோடு விட்டுவிடாமல் தொடர்ந்து செய்யுங்கள்.

படிப்பு ஏறாத பிள்ளை என்று ஒதுக்கிய பிள்ளைதான், கைகொடுத்தால் அதிகம் ஏறும்.