களிம்பும் மதிப்பெண்ணும்

பழங்காசு சேர்க்கும் அன்பர் ஒருவர் அண்மையில் ஒரு சேதுக் காசைக் காட்டினார். புளியிட்டுத் துலக்கியமையால் அது புதுச் செம்பெனப் பளபளத்தது. அதனை வெளிநாட்டுத் தரங்காண் நிறுவனம் ஒன்றுக்கு அனுப்பி, பிளாஸ்டிக் பேழையுள் முத்திரையிடுவித்து மதிப்பெண் பெறல் வேண்டும் என்பது அவர்தம் அவா. துலக்கிய காசுக்குப் பொதுவாக அங்கே எண் வழங்கார் என்றேன். அவர் முகம் வாடிற்று.

இம்முறையின் மூலத்தைச் சிறிது நோக்குவோம். 1949இல் வில்லியம் ஷெல்டன் என்னும் அமெரிக்க உளநூலறிஞர், தம் நாட்டுப் பழைய செப்புச் சதங்களுக்கென 1 முதல் 70 வரை ஓர் அளவுகோல் வகுத்தார். 70 பெற்ற காசு, 1 பெற்றதிலும் 70 மடங்கு விலை பெறும் என்பது அவர் கணக்கு. கணக்குப் பொய்த்தது, அளவுகோல் நிலைத்தது. 1986இல் அதனைக் கொண்டு காசுகளைத் தரமிட்டுப் பேழையிலடைக்கும் தொழில் அங்கே வேரூன்றிற்று. 1991 முதல் விளையாட்டு வீரர் படங்கொண்ட அட்டைகளும், 10 மதிப்பெண் அளவில், அவ்வாறே பேழை புகுந்தன. வேடிக்கை யாதெனில், அமெரிக்க நாணயவியற் கழகத்தின் நற்சதங்களைக் கவர்ந்து, அவற்றினிடத்தில் தாழ்ந்தவற்றை வைத்தவர் அந்த ஷெல்டனே என்பது பின்னாளில் வெளியாயிற்று!

நிற்க. சேதுக் காசின் ஒரு புறம் நிற்கும் அரசன். மறுபுறம் படுத்த நந்தி, மேலே பிறை, கீழே ‘சேது’ என்னும் தமிழெழுத்து. இராமநாதபுரத்துச் சேதுபதிகளுடையதென முன்னர்க் கருதப்பட்ட இதனை, யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளுடையதென 1920இல் எடுத்துரைத்தவர் நல்லூர்ச் சுவாமி ஞானப்பிரகாசர். இத்தகைய ஆராய்ச்சிக்கு வேண்டுவன எழுத்தும் இலச்சினையும் நிறையும் கிடைத்த இடமுமே, மினுக்கம் அன்று. தேய்வுங்கூட ஒரு சான்றாகும். அது பலர் கை மாறியதைச் சொல்லும். பேழைச் சீட்டிலோ காசின் பெயரும் ஓர் எண்ணுமே உண்டு. அடைத்தபின் அதனைத் தனியே நிறுத்துப் பார்த்தலும் இயலாது. 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட் கட்டளைச் சட்டப்படி, அனுமதியின்றி இத்தகைய பொருளை நாட்டுக்கு வெளியே அனுப்பலாகாது என்பதையும் நம் அன்பர்கள் நினைவதில்லை.

அந்தக் காசு எவ்வூரிற் கிடைத்தது என்று கேட்டேன். கை மாறி வந்தது என்பதற்குமேல் அவருக்குத் தெரியவில்லை. கந்தரோடையோ நல்லூரோ, யார் கண்டார்?

தோட்டங் கொத்துகையில் மாணவர் கையில் இத்தகைய காசு அகப்படுமாயின், புளி தொடாது, களிம்போடு காகிதத்திற் பொதிந்து, ஊரையும் காணியின் பெயரையும் நிறையையும் கொப்பியிற் குறித்து வரும்படி ஆசிரியர்கள் சொல்வார்களாக. காணிப் பெயரை அறிதல் கடினமன்று. நம் வீட்டு உறுதிகளில் அது எழுதப்பட்டே இருக்கின்றது.