‘அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்’: ஆடியாலஜி, ஸ்பீச் தெரபி படிக்கலாமா?

(எபிசோடின் எடிட் செய்யப்பட்ட எழுத்து வடிவம்)

ரெண்டரை வயசுக் குழந்தை இன்னும் ஒரு வார்த்தை பேசல. நம்ம வீடுகள்ல உடனே ஒரு பதில் ரெடியா இருக்கும்: “அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினான், விடு.” சில நேரம் அது சரியாவே இருக்கலாம். ஆனா அந்தக் குழந்தைக்குக் காதே கேட்கலன்னா? “விடு”ன்னு சொல்லிக் கடத்துற ஒவ்வொரு மாசமும் நஷ்டம்தான். இதை டெஸ்ட் பண்ணிச் சொல்ற ஆளை உருவாக்குற படிப்பைப் பத்தித்தான் இன்னைக்கு எபிசோட். பேரு பி.ஏ.எஸ்.எல்.பி., அதாவது பேச்சலர் ஆஃப் ஆடியாலஜி அண்ட் ஸ்பீச் லாங்குவேஜ் பெத்தாலஜி.

தூத்துக்குடி பக்கம் சாயர்புரத்துல +2 முடிச்ச ஒரு பொண்ணு இந்தப் படிப்புக்குப் போக நினைக்கிறான்னு வச்சுக்குவோம். அவளுக்கு என்னெல்லாம் தெரிஞ்சிருக்கணும்?

சாயர்புரத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

1839-ல தமிழ்நாட்டுக்கு வந்த ஜி.யு. போப், 1840-கள்ல சாயர்புரத்துல கல்விப் பணி செஞ்சவர். பின்னாடி 1886-ல திருக்குறளை ஆங்கிலத்துல கொண்டுவந்தார். அந்த ஊர்ல இருக்கிற போப் கல்லூரி அவர் பேர்லதான். வளர்ந்த பிறகு தமிழ் கத்துக்கிற ஒருத்தர் ‘ழ’ சொல்லணும்னா, நாக்கு எங்க வளையணும், எதைத் தொடக் கூடாதுன்னு தெரிஞ்சுக்கணும். ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட் குழந்தைக்குச் சொல்லித் தர்றதும் கிட்டத்தட்ட இதையேதான். தொல்காப்பியத்துல எழுத்ததிகாரத்தோட மூணாவது இயலே பிறப்பியல். மூச்சுக்காற்று எங்க இருந்து கிளம்புது, பல்லு, உதடு, நாக்கு, மூக்கு, அண்ணம் எப்படிச் சேர்ந்து ஒலியை உண்டாக்குதுன்னு அது விவரிக்குது. அதனால இது நமக்கு அந்நியமான சப்ஜெக்ட் இல்ல.

அடுத்து, பக்கத்துல இருக்கிற பாளையங்கோட்டை. 19-ஆம் நூற்றாண்டோட கடைசி வருஷங்கள்ல ஃபிளாரன்ஸ் ஸ்வைன்சன்ங்கிற மிஷனரி அங்க காது கேளாத குழந்தைகளுக்காகத் தொடங்கின பள்ளி இன்னைக்கும் நடக்குது. ஆடியாலஜின்னு ஒரு துறையே உருவாகாத காலம் அது. ரெண்டாம் உலகப் போர்ல காது பாதிக்கப்பட்டுத் திரும்பின படைவீரர்களுக்குச் சிகிச்சை கொடுத்தப்போதான் அது தனித் துறையா வளர்ந்துச்சு. இந்தியாவுல இதுக்கான பெரிய நிறுவனம், மைசூருல இருக்கிற அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனம், 1960-கள்ல வந்தது.

ஏன் இவ்வளவு அவசரம்?

மூளை மொழியைப் பிடிச்சுக்கிறதுக்கு முதல் சில வருஷங்கள் ரொம்ப முக்கியம். அதனால உலக அளவுல 1-3-6ன்னு ஒரு கணக்கு வச்சிருக்காங்க: 1 மாசத்துக்குள்ள முதல்கட்டப் பரிசோதனை, 3 மாசத்துக்குள்ள உறுதி, 6 மாசத்துக்குள்ள சிகிச்சை ஆரம்பம். குழந்தை பதில் சொல்ல வேண்டிய அவசியமே இல்ல. ஓ.ஏ.இ. டெஸ்ட்ல காதுக்குள்ள ஒரு சின்ன ஒலியை அனுப்பி, உள்காது திருப்பி அனுப்புற மெல்லிய ஒலியைப் பதிவு பண்ணுவாங்க. பெரா டெஸ்ட்ல தூங்குற குழந்தையோட தலையில எலக்ட்ரோட் ஒட்டி, ஒலிக்குக் கேட்டல் நரம்பும் மூளைத் தண்டும் காட்டுற பதிலைப் பார்ப்பாங்க.

தமிழ்நாட்டுல முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்துல 6 வயசுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காக்ளியர் இம்ப்ளான்ட் கிடைக்குது. ஆனா ஒண்ணு கவனிங்க. ஆபரேஷன் முடிஞ்சதும் குழந்தை பேசிடாது. அந்தக் கருவி ஒலியை மின் சிக்னலா மாத்தி நரம்புக்குக் கொடுக்குது, அவ்வளவுதான். “இது அம்மா குரல், இது மழைச் சத்தம்”னு பிரிச்சுப் புரிஞ்சுக்கிறதை மாசக்கணக்கா, வருஷக்கணக்கா பழக்கணும். சின்ன ஊர்ல தெரபிஸ்ட் இல்லன்னா, ஒவ்வொரு தடவையும் கூலியை விட்டுட்டு பஸ் ஏறிப் போகணும். நாலு தடவை போவாங்க. அஞ்சாவது தடவை நின்னுடும். நம்ம சாயர்புரத்துப் பொண்ணு படிச்சு முடிச்சுட்டு எங்க வேலை பார்க்கிறாங்கிறது அதனாலதான் முக்கியம்.

சில வீடுகள்ல சைகை மொழிதான் குழந்தைக்குச் சரியா வரும். அதுவும் இலக்கணம் உள்ள முழு மொழிதான். எந்த வழியானாலும், குழந்தை மொழியே இல்லாம வளரக் கூடாது.

படிப்பு எப்படி இருக்கும்?

மொத்தம் 4 வருஷம். 3 வருஷம் வகுப்பும் கிளினிக்கும், கடைசி 1 வருஷம் இன்டர்ன்ஷிப். காது, குரல்வளை உடற்கூறு, ஒலி இயற்பியல், மொழியியல், உளவியல், நரம்பியல் எல்லாம் வரும். அப்புறம் திக்குவாய், ஆட்டிசம், பக்கவாதத்துக்குப் பிறகு பேச்சு போனவங்க, முழுங்கச் சிரமப்படுறவங்க, குரல் கம்மிப்போற டீச்சர்கள்னு எல்லாரையும் பார்ப்பீங்க. மேல படிக்க நினைச்சா எம்.எஸ்சி.யில ஆடியாலஜி, ஸ்பீச்னு தனித்தனியாப் பிரியும்.

சேர்றதுக்கு முன்னாடி முதல்ல பார்க்க வேண்டியது, அந்தக் கல்லூரியோட இந்தக் கோர்ஸுக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சில், அதாவது ஆர்.சி.ஐ. அங்கீகாரம் இருக்கான்னு. 1992-ஆம் வருஷச் சட்டப்படி, அதுல பதிவு பண்ணினாத்தான் தொழில் செய்ய முடியும். அங்கீகாரம் இல்லாத இடத்துல படிச்சா 4 வருஷமும் ஃபீஸும் போச்சு.

மத அமைப்பு நடத்துற இடத்துல படிக்கலாமா?

வேலூர் சி.எம்.சி., மங்களூரு ஃபாதர் முல்லர் ரெண்டுமே கிறிஸ்தவ அமைப்புகள் நடத்துறவை. ரெண்டு இடத்துலயும் இந்தப் படிப்பு இருக்கு. பெரிய ஆஸ்பத்திரியோட சேர்ந்திருக்கிறதால, விதவிதமான நோயாளிகளைப் பார்த்துப் பழகலாம். அது பெரிய பிளஸ்.

இப்படிப்பட்ட எந்த நிறுவனத்துல சேர்றதா இருந்தாலும் மூணு கேள்வி கேளுங்க. சிறுபான்மை ஒதுக்கீடு போக பொதுவுல எத்தனை சீட்? ஸ்பான்சர்ஷிப்ல சேர்ந்தா, படிப்பு முடிஞ்சு எத்தனை வருஷம், எங்க வேலை பார்க்கணும்? வழிபாடு, ஹாஸ்டல் விதிகள் கட்டாயமா, விருப்பமா? பதிலை எழுத்துல வாங்கிக்கோங்க.

வேலைக்கு வந்த பிறகு இன்னொரு சவால் இருக்கு. “வேண்டிக்கிட்டிருக்கோம், சரியாயிடும், டெஸ்ட் வேண்டாம்”னு சொல்ற குடும்பங்கள் வரும். அது கோவிலா இருக்கலாம், சர்ச்சா, தர்காவா இருக்கலாம். அவங்க நம்பிக்கையோட சண்டை போட வேண்டாம். “வேண்டிக்கோங்க, பெராவும் எடுத்துடலாம்”னு சொல்லத் தெரியணும்.

கடைசியா, ஹெட்போன்ல இதைக் கேட்டுட்டிருக்கிற உங்களுக்கு. 80 டெசிபல்ல வாரத்துக்கு 40 மணி நேரம், அதுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்ற எல்லை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாக் குறையும். வால்யூமை ரெண்டு புள்ளி குறைச்சுட்டு அடுத்த எபிசோடைக் கேளுங்க. வீட்லயோ பக்கத்து வீட்லயோ பேச்சு வராத குழந்தை இருந்தா, இந்த வாரமே காது டெஸ்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க.