பள்ளிச் சூழலும் குழந்தைகளின் இதய நலமும்

திருவனந்தபுரம்: கேரளப் பள்ளிகளின் மதிய உணவுப் பட்டியல் 2025 ஆகஸ்ட் முதல் மாற்றியமைக்கப்பட்டுள்ளது. காய்கறிகள் சேர்ந்த சாத வகைகள், புதினா, நெல்லிக்காய்த் துவையல்கள், கேழ்வரகு உணவுகள் ஆகியவை அதில் இடம்பெற்றுள்ளன.

எனினும், இந்த உணவின் பயனைப் பள்ளி வாயிலில் உள்ள கடை குறைத்துவிடக்கூடும். இரத்தக் குழாய்களில் கொழுப்புப் படிவது குழந்தைப் பருவத்திலேயே தொடங்குகிறது. அது மாரடைப்பாக வெளிப்படப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. சர்க்கரையையே எடுத்துக்கொள்வோம். உலக சுகாதார அமைப்பின் பரிந்துரைப்படி, சேர்க்கப்படும் சர்க்கரை அன்றாட ஆற்றல் தேவையில் 10 சதவீதத்திற்குள் இருக்க வேண்டும். 1,600 கலோரி தேவைப்படும் சிறாருக்கு இது 40 கிராம். 300 மில்லிலிட்டர் கோலா பானத்திலேயே ஏறத்தாழ 32 கிராம் சர்க்கரை அடங்கியுள்ளது. இத்தகைய அளவுகளை மாணவர்கள் நேரில் கண்டறியும் பொருட்டே, மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2025 மே மாதத்தில் தனது பள்ளிகளில் 'சர்க்கரைப் பலகை' அமைக்குமாறு அறிவுறுத்தியது.

கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த உணவுகளைப் பள்ளி வளாகத்திலும், வாயிலிலிருந்து எத்திசையிலும் 50 மீட்டருக்குள்ளும் மாணவர்களுக்கு விற்பதை இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் தடை செய்கின்றன. ஆனால், 50 மீட்டர் என்பது ஒரு நிமிட நடைத் தொலைவே. அதற்கு அப்பால், பேருந்து நிறுத்தத்தில் உள்ள கடைக்கு இந்த ஒழுங்குமுறை பொருந்தாது.